மேடைக்குப் பின்னால் நின்ற கடன்

புகழ்பெற்றோர் வாழ்வைப் படமாக்குவோர் பெரும்பாலும் தொட்டிலில் தொடங்கிக் கல்லறையில் முடிப்பர். ஆரன் சோர்க்கின் எழுத, டேனி பாயில் இயக்கி 2015-இல் வெளிவந்த ‘ஸ்டீவ் ஜாப்ஸ்’ அவ்வழிச் செல்லவில்லை. மக்கின்டாஷ், நெக்ஸ்ட், ஐமேக் ஆகிய கணிப்பொறிகள் முறையே 1984, 1988, 1998-ஆம் ஆண்டுகளில் அவையேறிய மூன்று நாள்களே அதன் களம். அவற்றிலும், அவர் மேடையேறுமுன் கழியும் சிறு பொழுதுதான் கதை. பகைத்தோரும் பிரிந்தோரும் ஒவ்வொரு முறையும் தவறாமல் அங்கே வந்து வழக்காடுவது இயற்கையன்று. மூன்றங்க நாடகமெனக் கொண்டால் உறுத்தாது. மைக்கேல் ஃபாஸ்பெண்டர் உருவ ஒற்றுமையை நாடாது, அடங்காத மனத்தையே நடித்துக் காட்டுகிறார்.

ஆயினும் நம்மைக் கட்டி நிறுத்தியவர் வாஸ்னியாக். நகைச்சுவையாளராகவே அறியப்பட்ட சேத் ரோகன் இவராக வருகிறார். 1977-இல் வந்த ஆப்பிள் 2 கணிப்பொறியை வடிவமைத்தவர் வாஸ்னியாக். நிறுவனத்தை நெடுங்காலம் தாங்கியது அதன் வருவாயே. அதனை உருவாக்கிய குழுவினரை மேடையில் ஒரு சொல்லால் நினைவுகூர்க என்பதே அவர் வேண்டுகோள். 1984-இல் மறுக்கப்பட்டதை, 1998-இல் ஊழியர் பலர் பார்த்திருக்க மீண்டும் கேட்கிறார். மீண்டும் மறுப்பே. திறமையும் பண்பும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்று சொல்லிவிட்டு அவர் வெளியேறுகிறார். கோப்பில் குறிப்பு வரைந்தவர் பெயர் ஆணையில் வாராது என்பதைப் பல்லாண்டாகக் கண்டு பழகிய நமக்கு, அக்காட்சியை வெறும் கதையாகப் பார்க்க இயலவில்லை.

வள்ளுவர் கண்ணோட்டத்தை இல்லறவியலில் வைக்கவில்லை. பொருட்பாலின் அரசியலில் வைத்தார். ஆள்பவனுக்கு இரக்கம் ஓர் அணிகலனன்று, ஆளும் திறத்தின் ஒரு கூறு என்பதே அவ்வைப்பு முறையின் பொருளென நாம் கருதுகிறோம். வாஸ்னியாக்கின் வாதமும் அதுவே. படம் இவ்வளவு தூரம் வந்து, பின் வழி மாறிவிடுகிறது.

முதல் அங்கத்தில் ஐந்து வயது மகள் லிசாவைத் தம் மகளல்லள் என்கிறார் ஜாப்ஸ். 1983-இல் வந்த ‘லிசா’ கணிப்பொறிக்கும் அவள் பெயருக்கும் தொடர்பில்லை என்றும் சாதிக்கிறார். இறுதி அங்கத்தில் அப்பெயர் அவளுடையதே என ஒப்புக்கொள்கிறார். அன்று அவள் மக்கின்டாஷில் தீட்டிய படத்தை இத்தனை ஆண்டுகள் காத்து வைத்திருந்து காட்டுகிறார். நம் கண்ணும் கலங்கியது, மறுப்பதற்கில்லை. ஆனால் இல்லத்துக் கடன் தீர்ந்ததைக் காட்டி, தொழிற்கூடத்துக் கடனையும் தீர்ந்ததுபோல் மறக்கச் செய்வது கதாசிரியரின் சாமர்த்தியம். மகள் ஒதுங்கி நின்று பார்க்கிறாள், அவர் ஒளி வெள்ளத்தில் நிற்கிறார், கரவொலி எழுகிறது. அவர் பேசத் தொடங்குமுன்பே படம் முடிந்துவிடுகிறது. ஆப்பிள் 2 குழுவினர் பெயர்கள் சொல்லப்படவே இல்லை.