உளவாளி வீட்டுத் துக்கம்

தமிழில் நெடுங்காலம் ஓடிய துப்பறியும் நாயகர்களுக்குக் காயம் படும், துக்கம் தங்காது. தமிழ்வாணனின் சங்கர்லால் ஊர் ஊராகப் போனார், தேநீர் குடித்தார், குற்றவாளியைப் பிடித்தார், வீடு திரும்பினார். வீட்டில் மனைவி இந்திரா இருந்தாள். அவளைப் பற்றிய கவலை அவரைத் தூங்கவிடாமல் செய்ததாக நமக்கு நினைவில்லை. தமிழ் வாசகர் துப்பறிவாளருக்கும் உளவாளிக்கும் நடுவே பெரிய கோடு கிழித்ததில்லை என்பதால் இருவரையும் இங்கே ஒன்றாகவே பார்க்கிறேன்.

காரணம் எழுத்தாளரின் மனக்கூச்சம் அன்று, தொழில். உதாரணத்துக்கு, கண்டமங்கலம் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கிடக்கிறது. இப்படிப்பட்ட ஊர்ச் சாலையோரப் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவலை வாங்குகிறவர் முந்தைய இதழைப் படித்திருப்பார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. பேருந்தில் ஏறிப் பிரித்தால் புதுச்சேரியில் இறங்குவதற்குள் பாதியாவது முடிய வேண்டும். போன மாதம் நண்பனை இழந்த நாயகன் இந்த மாதமும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தால் கதை நகராது. ஆகவே ராஜேஷ்குமாரின் விவேக்குக்கு ரூபலாவோடு கச்சிதமான இல்லறம்; பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்துக்கும் சுசீலாவுக்கும் முடிவில்லாத சீண்டல்; சுபாவின் நரேந்திரனுக்கு வைஜெயந்தி. எல்லாமே சுகமான ஏற்பாடுகள். 1968இல் ‘நைலான் கயிறு’ கதையில் வந்த சுஜாதாவின் கணேஷ் மட்டும் கொஞ்சம் வேறு ஜாதி. அவனிடம் ஓர் ஒதுக்கம் உண்டு. பிறகு உதவியாளனாக வசந்த் வந்து சேர்ந்தான். அந்த ஒதுக்கத்தின்மேல் ஜோக்கைக் கொட்டி மூடினான்.

மனம் நொந்த ஒற்றனைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகப்படுத்தியது, நம்ப மாட்டீர்கள், சிவகாசி. 1972இல் அங்கிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவி பரிசோதனைக்கூட விபத்தில் கையை இழந்தவன். ஆங்கில மூலத்தில் அவன் ஆரம்பத்தில் நல்லவனும் இல்லை. கசந்துபோய்க் குற்றத்தில் இறங்கி, பிறகுதான் உளவுப் பணிக்கு வருகிறான். நாங்களெல்லாம் மின்சாரம் பாய்ந்ததும் அவன் மறைவதை மட்டுமே பார்த்தோம். லயன் காமிக்ஸில் தொடராக வந்த ‘இரத்தப் படலம்’ இன்னும் ஆழம் போனது. அதன் நாயகனுக்குத் தன் பெயரே தெரியாது. எதிரியைத் தேடுவதும் தன்னைத் தேடுவதும் அவனுக்கு ஒரே வேலை. பாகம் பாகமாக, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து அதைப் படித்தவர்களிடம் கேட்டால் சதியைவிட அந்த மறதியைத்தான் முதலில் சொல்கிறார்கள்.

ஜேம்ஸ் பாண்டும் 1980களில் ராணி காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசினார். ஃபிளெமிங் 1953இல் எழுதிய முதல் நாவலிலேயே காதலி வெஸ்பரை இழந்தவர். 1963 நாவலில் மணமான அன்றே மனைவி டிரேசியைப் பறிகொடுத்தவர். திரையில் அந்தத் துயரம் 1969இல் ஒருமுறை காட்டப்பட்டது. அடுத்தடுத்த படங்கள் அதை ஓரிரு குறிப்போடு கடந்தன. இழப்பு ஒரு படத்திலிருந்து அடுத்த படத்துக்குக் கூடவே வந்தது 2006இல் டேனியல் கிரெய்க் வந்த பிறகுதான். நம் ‘தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட்’ ஜெய்சங்கர் துப்பாக்கியையும் கோட்டையும் வாங்கிக்கொண்டார், டிரேசியை வாங்கவில்லை.

கமல்ஹாசனின் விக்ரம்தான் இந்தக் கணக்கைக் கலைத்தவன். 1986 படத்துக்குக் கதையைக் குமுதத்தில் தொடராக எழுதியவர் சுஜாதா. அம்பிகா நடித்த கர்ப்பிணி மனைவி சுட்டுக் கொல்லப்படுகிறாள். அந்தக் கோபத்தோடு அக்னிபுத்ரா ஏவுகணையைத் தேடிப் புறப்படுகிறான் விக்ரம். சலாமியா என்ற கற்பனை நாட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் படம் அவளை மறந்துவிடுகிறது. அரண்மனை, இளவரசி, பாட்டு என்று வேறு வேலை வந்துவிடுகிறது. துக்கம் அங்கே வண்டியைக் கிளப்பப் போட்ட பெட்ரோல், அவ்வளவுதான். சுஜாதாவின் மூளை வேலை செய்த அளவுக்கு அந்தப் படத்தில் மனசு வேலை செய்யவில்லை என்பது என் கருத்து.

36 வருஷம் கழித்து, 2022இல் லோகேஷ் கனகராஜ் அதே பெயருள்ள ஒற்றனைக் கிழவனாகத் திருப்பிக் கொண்டுவந்தார். இந்த முறை கொல்லப்பட்டவன் மகன். மிச்சமிருப்பது பெருஞ்சத்தம் ஆகாத ஒரு பேரக்குழந்தை. வாழ்நாளெல்லாம் வெடியும் துப்பாக்கியுமாக இருந்தவன் வீட்டில் சத்தத்துக்கு அஞ்சி நடக்கிறான். திரைக்கதையில் இதைவிட நல்ல யோசனை அந்தப் படத்தில் இல்லை. கவனித்தால், தமிழ் ஒற்றன் உடைந்துபோக இங்கே அனுமதி கிடைத்தது காதலனாகவோ கணவனாகவோ அல்ல, தகப்பனாகவும் தாத்தாவாகவும். ‘விஸ்வரூபம்’ இரண்டாம் பாகத்தில் (2018) உளவாளி விசாம் நெகிழ்வதும் நினைவு தப்பிய தாயின் முன்னால்தான். ரத்த உறவு என்றால் அழலாம். மற்றபடி பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

‘விக்ரம்’ வந்தபோது தியேட்டரில் அதிக விசில் வாங்கியவர்களில் ஒருத்தி ஏஜென்ட் டீனா. வீட்டு வேலைக்காரியாக அத்தனை நாள் பாத்திரம் தேய்த்தவள் ஒரே இரவில் உளவாளியாக எழுந்து, குழந்தைக்காகச் சண்டை போட்டுச் சாகிறாள். நடன மாஸ்டர் வசந்தி அதைச் செய்த விதத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவளுக்கு வீடு உண்டா, யாரையாவது இழந்தாளா என்று படம் கேட்கவேயில்லை. விக்ரமின் துக்கத்துக்கு இரண்டு படம் கொடுத்தவர்கள் டீனாவுக்கு ஒரு காட்சி கொடுத்தார்கள், அதுவும் சண்டைக் காட்சி.