அழகாகப் பொருந்திவிடும் பாடம்

1978 சனவரியில் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளி ஒன்றில் இன்ஃப்ளுவன்சா பரவியது. 763 மாணவர்களில் 512 பேர் இரண்டு வாரத்துக்குள் படுக்கையில் விழுந்தார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான அந்தக் கணக்கு, பல பல்கலைக்கழகங்களின் கணினிசார் அறிவியல் வகுப்புகளில் இன்றும் உயிரோடிருக்கிறது. கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927-இல் வகுத்த எஸ்ஐஆர் மாதிரியை அதன்மேல் பொருத்திக் காட்டுவார்கள். தொற்றக்கூடியவர், தொற்றியவர், நீங்கியவர் என மூன்று பிரிவு; மூன்று வகைக்கெழுச் சமன்பாடு; பைத்தானில் சில வரிகள். வளைகோடு புள்ளிகளின் மேலேயே போய் உட்கார்ந்துகொள்ளும்.

தேர்வுக்கு மட்டும் தீர்த்துப் பழகிய சமன்பாடு ஒரு நோயின் போக்கைச் சொல்வதை மாணவர் முதன்முறையாகக் காண்கிறார். இது சிறிய விஷயமல்ல. அந்தப் பள்ளி வெளியாட்கள் அதிகம் வராத, எல்லோரும் எல்லோருடனும் பழகும் இடம் என்பதால் மாதிரியின் எடுகோள்களும் ஏறக்குறைய செல்லுபடியாகின்றன.

ஆனால் மாணவர் வருவதற்குள் சமையல் முடிந்து இலை போட்டாகிவிட்டது. ஏன் மூன்று பிரிவு, எதை விட்டுவிடலாம் என்ற முடிவுகளெல்லாம் வேறு யாரோ எடுத்தவை. மாதிரியாக்கம் என்பதே அந்த முடிவுகள்தானே? மாணவருக்கு மிஞ்சுவது இரண்டு அளவுருக்களைத் திருகும் வேலை.

இதைவிடப் பெரிய கோளாறு தரவில் இருக்கிறது. பள்ளி எண்ணியது அன்றன்று படுக்கையில் இருந்தவர்களை. மாதிரி பேசுவதோ நோயைப் பரப்புகிறவர்களைப் பற்றி. படுக்கைக்குப் போன பையன் வகுப்புத் தோழனுக்கு எப்படித் தொற்ற வைப்பான்? பல பாடக்குறிப்புகள் இரண்டையும் ஒன்றாகவே பாவித்துக் கடந்துவிடுகின்றன. இரு கூட்டத்தையும் தனித்தனிப் பிரிவாக்கினாலும் கோடு நன்றாகவே பொருந்தும். அளவுருக்கள் மட்டும் வேறாகும். எது சரி என்று வரைபடம் சொல்லாது. என்னைக் கேட்டால், பாடம் இங்கேதான் தொடங்க வேண்டும். பெரும்பாலான வகுப்புகள் இங்கே முடிந்துவிடுகின்றன.

மாணவரிடம் தரவு அட்டவணையை மட்டும் கொடுத்து, கணினியைத் திறக்காமல் எடுகோள்களை எழுதச் சொல்லலாம். அதற்கே பாதி மதிப்பெண் தரலாம். தடை ஆசிரியரின் அறியாமையல்ல, நேரம். நிரலைச் சரிபார்க்க இன்னொரு நிரல் போதும். நூறு பேரின் எடுகோள்களை ஆள்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த மணிநேரங்களைப் பல்கலைக்கழகம் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்காதவரை, எந்த ஆசிரியரும் இருபது வரி நிரலையே வீட்டுப்பாடமாகக் கொடுப்பார்.