கதைச் சுருக்கமும் ஞானாம்பாளும்

ஆங்கில நாவல்களைப் பதிப்பகங்களுக்குக் கொண்டு செல்லும் இலக்கிய முகவர்கள் பலர், தொடக்க அத்தியாயங்களோடு கதைச் சுருக்கம் ஒன்றையும் கேட்கின்றனர். அதில் முடிவையும் சொல்லியாக வேண்டும். நம் தோட்டத்து எழுத்தாளரோ, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்னும் சினிமாப் பாட்டுப் புத்தக வழக்கத்தை இதற்கும் கையாளுகின்றனர். முடிவை மறைத்தால், கதை கட்டத் தெரியாதவர் என்றே முகவர் கொள்வார்.

வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தையே எடுத்துக்கொள்வோம். கிளைக்கதைகளையெல்லாம் அடுக்கினால் செக்ரோலைப் போலப் பெயர்களே நிற்கும் (கிராணி வேலை பார்ப்போருக்கு இது புரியும்). மாறாக இவ்வாறு எழுதலாம்: கணவன் வழிதவறி, மன்னனற்ற விக்கிரமபுரியில் சிறைப்படுகிறான், தேடிவந்த மனைவி ஞானாம்பாள், ஆண்வேடத்திலேயே, யானை மாலையிட அரசேற்கிறாள், அவனை மீட்டு, நாட்டைத் திருத்தி, பின் ஆட்சியைத் துறந்து ஊர் திரும்புகிறாள்.

தலைப்பு ஆணுடையது, செயலோ பெண்ணுடையது! நூலைப் பற்றிய இவ்வுண்மை, பக்கம் பக்கமான புகழுரைகளில் அகப்படாமல் மூன்று வரியில் வெளிப்பட்டுவிடுகிறது. பிள்ளையவர்களின் நகைச்சுவை மட்டும் சுருக்கத்தில் அடங்காது. அதற்காகத்தான் முகவர் அத்தியாயங்களையும் கேட்கிறார்.