ஆடியவர் ஆசானாகும் வழக்கம்

யாழ்ப்பாணத்தின் பாஷையூரிலும் குருநகரிலும் நாவாந்துறையிலும் மாலைப்பொழுதுகளில் இளைஞருக்கு உதைபந்தாட்டம் பழக்குபவர் பெரும்பாலும் அதே கழகத்துக்காக ஒரு காலத்தில் ஆடியவராகவே இருப்பதால், நன்றாக ஆடியவரே நன்றாகப் பயிற்றுவிப்பார் என்னும் நம்பிக்கை எம்மவரிடையே ஒரு சித்தாந்தம் போல வேரூன்றியிருக்கிறது. அந்நம்பிக்கையை நிறுத்துப் பார்ப்பதற்கு, கடலுக்கு அப்பால் சென்னையில் நிகழ்ந்த ஜோன் கிறெகரி என்னும் ஆங்கிலேயரின் சரித்திரத்தைவிடத் தக்க உதாரணம் எனக்குத் தென்படவில்லை.

1954இல் பிறந்த கிறெகரி, அஸ்டன் வில்லாக் கழகத்தில் 2 முதல் 11 வரையுள்ள இலக்கச் சட்டைகள் அனைத்தையும் அணிந்து, பின்வரிசை முதல் முன்வரிசை வரை எல்லா ஸ்தானங்களின் சங்கடங்களையும் தம் தேகத்தால் அறிந்தவர். இங்கிலாந்துக்காக 6 ஆட்டங்கள் ஆடியவர். பின்னர் அதே வில்லாவின் பயிற்றுநராகி, 2000இல் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம் வரை அதனை நடத்திச் சென்றவர்.

இந்த அனுபவத்தின் பலன் 2018 மார்ச் 17இல் பெங்களூரில் பிரத்தியட்சமாயிற்று. இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில், எதிரணியின் சொந்த மைதானத்தில், 9ஆம் நிமிடத்திலேயே சுனில் சேத்ரியிடம் கோல் வாங்கிய, கிறெகரி பயிற்றுவித்த சென்னையின் எஃப்.சி. அணி, சிறிதும் கலங்காமல், மூலையுதைகளின்போது மயில்சன் அல்வெஸ் தலையால் முட்டிய இரு கோல்களாலும் ரபாயேல் அகஸ்தோவின் மூன்றாவது கோலாலும் 3-2 என வென்றது. நெருக்கடியில் நிதானம் தவறாத அந்த மனோதிடத்தை, நெருக்கடியைத் தாமே அனுபவித்த ஒருவரன்றிப் பிறர் ஊட்டியிருப்பது அரிது.

ஆயினும் அடுத்த பருவத்தில் அதே பயிற்றுநரின் கீழ் அதே கழகம் 18 ஆட்டங்களில் 2இல் மாத்திரமே வென்று, 9 புள்ளிகளுடன் கடைசி ஸ்தானத்துக்கு வீழ்ந்தது. சென்னை மண்ணின் மைந்தரான அணியின் ஆட்டக்காரர் தன்பால் கணேஷின் காயத்தைக் காரணம் காட்டுவோர் உளர். ஒருவரின் இழப்பால் மட்டும் ஓர் அணி இத்துணை தாழ்ந்துவிடாது. முதற்பருவத்தின் உபாயங்களை எதிரணிகள் கற்றுக்கொண்டபோது, புதிய உபாயம் கிறெகரியிடம் பிறக்கவில்லை என்பதே என் துணிபு. 2019 நவம்பரில், 6 ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் அவர் விலகியபின், அவரிடத்தில் பயிற்றுநரான ஓவன் கோய்ல், அதே ஆட்டக்காரரைக் கொண்டே, அஞ்சாது முன்னேறித் தாக்கும் ஆட்டத்தை ஆடச்செய்து இறுதியாட்டத்தை எட்டினார் என்பது இதற்குச் சான்று. கோய்லும் முன்னாள் ஆட்டக்காரரே. ஆகையால், ஆடிய அனுபவம் இருவருக்கும் பொதுவாயிருக்க, வேறுபாடு சிந்தனையிலேயே இருந்தது.

1960இல் ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய தமிழர் சைமன் சுந்தரராஜ், 1973இல் கேரளத்துக்கு அதன் முதல் சந்தோஷ் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்த பயிற்றுநர். அவரைப்போல் ஆட்டத்தின் கீர்த்தியைப் பயிற்சியிலும் மெய்ப்பித்தோர் எம் பிராந்தியத்திலும் உண்டு என்பது மகிழ்ச்சியே. பாஷையூர்க் கடற்கரையில் நிற்கும் எம் பழைய ஆட்டக்காரரிடமும் கிறெகரியின் முதற்பருவத்துச் சம்பத்து குறைவின்றி இருக்கிறது. பயிற்றுநர் பாடநெறிகளுக்குச் சென்றுவர அவருக்குப் பொழுதும் பணமும் எங்கள் கழகங்கள் கொடுக்குமாயின், அந்த இரண்டாம் பருவத்துக்கும் அவர் ஆயத்தமாவார்.