சந்தேகப்படத் தெரியாதவன்

ஒத்தெல்லோவைப் பற்றித் தமிழில் பேச்சு வந்தால் ‘பொறாமையால் அழிந்த மாவீரன்’ என்ற வரியும் கூடவே வந்துவிடுகிறது. எனக்கு அந்த வரி ஒட்டவே மாட்டேன் என்கிறது. தமிழில் பொறாமை என்றால் அடுத்தவனிடம் இருப்பதைப் பார்த்து வயிறு எரிவது. அந்த நாடகத்தில் அப்படி எரிகிறவன் இயாகோ. தனக்கு வரவேண்டிய பதவி கேசியோவுக்குப் போய்விட்டதே என்று. மனைவியை நம்பாத கணவனுக்கு நாம் வைத்திருக்கும் சொல் வேறு: சந்தேகம்.

சொல்லப்போனால் ஒத்தெல்லோவுக்கு அந்தச் சொல்லும் சரியாகப் பொருந்தாது. சந்தேகம் என்றால் இருக்குமோ, இருக்காதோ என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பது. அவனால் அதுதான் முடியாது.

தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒத்தெல்லோ என்றதும் ‘இரத்தத் திலகம்’ (1963) படத்தில் சிவாஜியும் சாவித்திரியும் நடித்த மேடைக்காட்சி ஞாபகம் வரலாம். அங்கே நாம் பார்ப்பது கடைசிக் கட்டத்தை. மனிதன் மாறுவது அதற்கு வெகு முன்னால், மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியில். அதன் தொடக்கத்தில் அவன் மனைவி கேட்ட எதையும் மறுக்க மனம் வராத கணவன். காட்சி முடியும்போது மண்டியிட்டுப் பழிவாங்கச் சபதம் எடுக்கிறான். இத்தனைக்கும் இயாகோ தொடக்கத்தில் பெரிதாக எதையும் சொல்வதில்லை. இழுக்கிறான், தயங்குகிறான், ஒத்தெல்லோவின் சொற்களையே திருப்பிச் சொல்கிறான். பாதியில் நிற்கும் அந்த வாக்கியங்களைத்தான் ஒத்தெல்லோவால் தாங்க முடியவில்லை. ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் அப்போதே முடிவு கட்டிவிடுவேன் என்கிற பொருளில் அவனே பெருமையாகச் சொல்கிறான். அதைவிட நல்ல பிடி இயாகோவுக்கு எங்கே கிடைக்கும்?

இந்தக் குணம் திடீரென்று முளைத்ததல்ல. இரண்டாம் அங்கத்தில் சைப்ரஸில் நடுராத்திரி ஒரு குடிச்சண்டை. கேசியோ பேச முடியாமல் நிற்கிறான், இயாகோ விவரம் சொல்கிறான், அந்த இடத்திலேயே கேசியோவின் பதவி போகிறது. படைத்தலைவனுக்கு அது திறமை. சட்டுனு முடிவெடுக்காதவன் போர்க்களத்தில் செத்துப்போவான். அதே திறமையை வீட்டுக்குள் கொண்டுவரும்போதுதான் அது ஆளை விழுங்குகிறது.

ஏமாளி என்று அவனைத் தள்ளிவிடவும் எனக்கு மனசில்லை. அவன் வெனிஸுக்கு வந்தேறி. வெனிஸ் பெண்கள் எப்படி என்று உள்ளூர்க்காரன் ஒருவன் சொல்லும்போது, ‘உனக்கென்ன தெரியும்’ என்று திருப்பிக் கேட்கும் தெம்பு அவனிடம் இல்லை. தன் நிறத்தையும் வயதையும் அவனே காரணமாக அடுக்க ஆரம்பிக்கிறான். பிற்பாடு அவன் பேச்சும் அவனுடையதாக இல்லை. கேசியோவையும் டெஸ்டிமோனாவையும் கொச்சைப்படுத்த இயாகோ சொன்ன ஆடும் குரங்கும், வெனிஸிலிருந்து வந்த தூதர் முன்னால் ஒத்தெல்லோவின் வாயிலிருந்து வெடிக்கின்றன. வெனிஸ் சபையில் தன் கதையைச் சொல்லியே எல்லோரையும் கட்டிப்போட்டவன் அவன்!

1693-இல் தாமஸ் ரைமர், ஒரு கைக்குட்டைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று இந்த நாடகத்தைக் கிண்டலடித்தார். கிண்டல் ருசியானதுதான். ஆனால் கைக்குட்டை எவ்வளவு அற்பமோ அவ்வளவு நல்லது என்பேன். தொங்கிக்கொண்டிருக்கும் கேள்வியை மூட அவனுக்கு ஏதோ ஒரு பொருள் வேண்டும், அவ்வளவுதான். அதைப் பற்றி அவன் சொல்வதே இரண்டு விதம். மூன்றாம் அங்கத்தில், எகிப்திய மந்திரக்காரி ஒருத்தி அம்மாவுக்குக் கொடுத்தது என்று மனைவியை மிரட்டுகிறான். ஐந்தாம் அங்கத்தில், அப்பா அம்மாவுக்குக் கொடுத்தது.

எமிலியாவை அவன் விசாரிக்கத்தான் செய்கிறான். அவள் தன் ஆன்மாவையே பணயம் வைத்து டெஸ்டிமோனா மேல் தப்பில்லை என்கிறாள். அவன் நம்புவதில்லை, தீர்ப்பு எப்போதோ எழுதியாயிற்று. சாகும் முன் டெஸ்டிமோனா கேட்கிறாள்: கேசியோவைக் கூப்பிட்டுக் கேளுங்கள். அவன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்கிறான் ஒத்தெல்லோ. அப்படி எதுவும் நடக்கவில்லை. கேசியோவிடம் அந்தக் கைக்குட்டை எப்படி வந்தது என்று அவன் நேரில் கேட்பது அவள் செத்த பிறகுதான். என் அறையில் கிடந்தது என்று கேசியோ சொல்கிறான். கேள்விக்கும் பதிலுக்கும் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகாது.

கடைசி உரையில் ஒத்தெல்லோ, தான் எளிதில் அப்படி ஆகிறவன் இல்லை என்று சொல்லிக்கொள்கிறான். ஏ.சி.பிராட்லி 1904-இல் இதை ஏற்றுக்கொண்டார். டி.எஸ்.எலியட் 1927-இல், அவன் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறான் என்றார். நான் எலியட் பக்கம். வெனிஸுக்குச் செய்த சேவை, தூக்கியெறிந்த முத்து, அலெப்போவில் குத்திய துருக்கியன் என்று பழையபடி கதைசொல்லியாகி, கதையை முடித்து, தன்னையும் குத்திக்கொள்கிறான். அந்த உரையில் டெஸ்டிமோனாவின் பெயர் ஓரிடத்தில்கூட வருவதில்லை.