ஜெர்பில் ஓடினால் வாப்பாவுக்கு ஞாபகம் வருமா?

பெரியபட்டினத்தில் வாப்பாவுக்கு லேசான ஸ்ட்ரோக் வந்து ஆறு வாரம் ஆகியிருந்தபோது குடும்ப குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. மூளைக்கு ரத்தம் குறைந்து போன ஞாபகம், தினமும் 40 நிமிஷம் வேகமா நடந்தால் திரும்பிடும், ஆராய்ச்சியில் நிரூபிச்சாச்சு என்று. மச்சான் மறுநாளே வாப்பாவைக் கடற்கரைக்கு நடத்திக் கூட்டிப்போனார். பாதி வழியில் கால் இழுத்து உட்கார்ந்துவிட்டார். அதுகூடப் பரவாயில்லை. அன்று ராத்திரி என்னிடம் கேட்டார்: "தம்பி, நான் சரியா நடக்காததாலதான் பேரன் பேரு வரமாட்டேங்குதா?"

நான் டாக்டர் இல்லை, கம்ப்யூட்டர்காரன். ஆனாலும் அந்த "நிரூபிச்சாச்சு" எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன்.

பாதி கதை ஜெர்பில் என்ற பாலைவன எலியுடையது. அதற்கு மூளையின் முன், பின் ரத்தக்குழாய்களை இணைக்கும் கிளை சரியாக இருக்காது. கழுத்தின் இரண்டு தமனிகளையும் ஐந்து நிமிஷம் பிடித்தாலே ஹிப்போகாம்பஸில் சிஏ1 என்ற பகுதியின் செல்கள் சில நாளில் செத்துவிடும். 1982ல் கிரினோ விவரித்தது இதைத்தான். பிறகு அதை டிரெட்மில்லில் ஓடவிட்டு ஞாபகத்தை அளக்கிறார்கள், முன்னேற்றமும் தெரிகிறது. மனிதரிலும் இப்படி நடக்கும்தான்: 1986ல் ஸ்குவயர் குழு எழுதிய ஆர்.பி. என்பவருக்கு, ரத்த ஓட்டம் குறைந்ததில் பெரும்பாலும் சிஏ1 மட்டும் கெட்டு, புது விஷயம் எதுவும் மனசில் தங்காமல் போனது. ஆனால் வாப்பாவுக்கு அடைத்தது ஒரு பக்கத்தில் ஒரு சின்னக் குழாய். அது வேறு பழுது. ஒன்றுக்கு எழுதிய பேட்ச்சை இன்னொன்றில் போட முடியாது.

அந்த 40 நிமிஷம்? அது 2011ல் எரிக்சன் குழு செய்த ஆய்வில் வருகிறது. 55 முதல் 80 வயதுவரை 120 பேர், அதில் பாதிப் பேர் வாரத்துக்கு மூன்று நாள், ஒரு வருஷம் நடந்தார்கள். நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெருத்தது. இவர்கள் யாரும் ஸ்ட்ரோக் நோயாளிகள் இல்லை. இன்னொன்றை வீடியோக்காரர்கள் சொல்வதே இல்லை: கை காலை நீட்டி மடக்கிய இன்னொரு குழுவின் ஞாபகமும் தேறியது. இரண்டு குழுவுக்கும் அதில் வித்தியாசம் கிடைக்கவில்லை. மூளை பெருத்த படத்தைப் போட்டுவிட்டு இதை விட்டுவிடுவது எனக்குக் கோபம் வரும் இடம்.

ஸ்ட்ரோக் வந்தவர்களிடமே செய்த 14 ஆய்வுகளை 2017ல் தொகுத்தார்கள், மொத்தம் 736 பேர். உடற்பயிற்சியால் கவனமும் யோசிக்கும் வேகமும் ஓரளவு தேறின. வேலை செய்யும்போது மனசில் பிடித்து வைக்கும் ஞாபகத்தில் உறுதியான பலன் இல்லை. அதே வருஷம் வந்த நம்ம நாட்டு 'அட்டெண்ட்' ஆய்வில் 14 மருத்துவமனை, 1250 நோயாளிகள். வீட்டு ஆளுக்கே பயிற்சி கொடுத்து மறுவாழ்வு செய்யச் சொன்னார்கள். ஆறு மாசத்தில் இறந்தவர்கள் அல்லது பிறர் தயவில் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் 47 சதவீதம். அதிலும் முக்கியமாக அளந்தது ஞாபகத்தை அல்ல, பிறர் தயவில்லாமல் இருக்க முடிகிறதா என்பதை.

நடக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரஷருக்கும் சர்க்கரைக்கும், இன்னொரு ஸ்ட்ரோக் வராமல் இருக்கவும் நடை வேண்டும். எவ்வளவு என்பதை அவரைப் பார்க்கும் டாக்டர் சொல்லட்டும். வாப்பா இப்போ அஸருக்குப் பிறகு டீக்கடைவரை போய் வருகிறார். பேரன் பேரைச் சட்டைப்பையில் எழுதி வைத்திருக்கிறார்.