எரிக் கட்சியின் தீர்ப்பு

சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசையின் ஒன்பதாவது நாவலில் ஒரு சின்னக் காட்சி. வெல்வெட்டில் சுற்றிய ஒரு பொருள் சூக்கியின் கைக்கு வருகிறது. நெவாடாவின் ரத்தக்காட்டேரி அரசனின் ஆள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை அவள் எரிக்கிடம் கொடுக்கிறாள். உள்ளே இருப்பது ஒரு சடங்குக் கத்தி. ரத்தக்காட்டேரிகளின் சட்டப்படி அந்த நொடியிலேயே இருவருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. மணப்பெண்ணுக்கு மட்டும் விஷயம் தெரியாது.

இந்தக் காட்சியைப் பற்றி இரண்டு வாசகர்களைப் பேச விட்டால் போதும், பொழுது போய்விடும். அவளைக் காப்பாற்றத்தானே அப்படிச் செய்தான், நெவாடா அரசன் அவளைத் தூக்கிக்கொண்டு போகாமல் தடுக்க வேறு என்ன வழி இருந்தது என்பார் ஒருவர். கேட்காமல் கட்டிய தாலிக்குப் பாதுகாப்பு என்று பெயரா என்பார் மற்றவர். இரண்டுக்கும் நாவலில் ஆதாரம் இருக்கிறது. ஒரு வெகுஜன நாவலைப் பற்றி இவ்வளவு நுணுக்கமாக வாதிடத் தெரிந்த வாசகர்கள், நான்கு ஆண்டுகள் கழித்து வந்த கடைசி நாவலை மட்டும் ஏன் ஒரே ஒரு கேள்வியை வைத்து எடைபோட்டார்கள்? கேள்வி இதுதான்: சூக்கி யாருக்குக் கிடைத்தாள்?

சார்லேன் ஹாரிஸின் சூக்கி ஸ்டாக்ஹவுஸ் வரிசை 2001இல் 'டெட் அன்டில் டார்க்' நாவலோடு தொடங்கி, 2013 மே மாதம் 'டெட் எவர் ஆஃப்டர்' என்ற பதின்மூன்றாவது நாவலோடு முடிந்தது. எல்லாத் தலைப்பிலும் 'டெட்' ஒட்டிக்கொண்டிருக்கும். லூசியானாவின் ஒரு கற்பனைச் சிற்றூர் மதுக்கடையில் பரிமாறும் பெண் சூக்கி. அடுத்தவர் மனத்தில் ஓடுவது அவள் காதில் விழும். அதனாலேயே எந்த ஆணோடும் நிம்மதியாகப் பழக முடியாதவள். செயற்கை ரத்தம் சந்தைக்கு வந்ததும் ரத்தக்காட்டேரிகள் மறைவிடத்தை விட்டு வெளியே வந்து, நாங்களும் குடிமக்கள்தான் என்று அறிவித்துவிட்ட உலகம் அது. அவர்கள் மனம் அவளுக்குக் கேட்காது. அந்த அமைதிக்காகவே முதலில் பில் காம்ப்டனைக் காதலிக்கிறாள். பிறகு எரிக் நார்த்மன் வருகிறான்: ஆயிரம் வயது வைக்கிங், மதுக்கூட முதலாளி, தன் வட்டாரத்து ரத்தக்காட்டேரிகளுக்கு அதிகாரி. கடைசியில் அவள் கைகோத்தது இவர்கள் யாரோடும் இல்லை. முதல் நாவலிலிருந்து கூடவே இருந்த கடை முதலாளி, உருமாறும் சாம் மெர்லாட்டோடு.

வெளியீட்டுக்கு முன்பே ஜெர்மனியிலிருந்து முடிவு கசிந்தது. புத்தகத்தைக் கையில் எடுக்காதவர்களும் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். எழுத்தாளருக்கு மிரட்டல் வந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. மிரட்டியவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை; அது விமர்சனக் கணக்கில் வராது. மிரட்டாமல், பக்கம் பக்கமாகக் காரணம் சொல்லித் திட்டிய ஆயிரக்கணக்கானவர்கள்தான் என் அக்கறை. நானும் எரிக் கட்சிக்காரன்தான், சூக்கி அவனோடு சேர வேண்டும் என்று காத்திருந்தவன்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதின்மூன்றாவது நாவலை முடித்ததும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து முழு வரிசையையும் மறுபடி படித்தபோது, மோசமான புத்தகத்தைத்தான் திட்டியிருக்கிறோம், ஆனால் தப்பான காரணத்துக்காகத் திட்டியிருக்கிறோம் என்று பட்டது.

எரிக் கட்சி எங்கே பிறந்தது என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். நான்காவது நாவல், 2004இல் வந்த 'டெட் டு தி வேர்ல்ட்'. புத்தாண்டுக் குளிரில், வேலை முடிந்து வண்டியோட்டி வரும் சூக்கி, சட்டையும் செருப்பும் இல்லாமல் சாலையில் ஓடும் எரிக்கைப் பார்க்கிறாள். சூனியக்காரிகளின் சாபத்தால் அவனுக்குத் தான் யாரென்றே மறந்துவிட்டது. அவனைத் தன் வீட்டில் ஒளித்துவைக்கிறாள். பயந்த, பணிவான, நன்றியுள்ள எரிக். வரிசையிலேயே சிறந்த நாவல் எது என்று கேட்டால் வாசகர்கள் பலர் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் நாவலின் இறுதியில் அவன் பழைய நினைவு திரும்புகிறது, அந்த நாட்களின் நினைவு அழிந்துபோகிறது. அதிகாரமும் தந்திரமும் நிறைந்த பழைய எரிக் திரும்பி வருகிறான். பின்னால் ஒரு நாவலில் அந்த நாட்களும் அவன் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தப் பணிவு திரும்பவில்லை. நாங்கள் காதலித்தது சில நாட்கள் மட்டுமே இருந்த ஒருவனை. அவன் மறுபடி வருவான் என்று ஒன்பது நாவல்கள் காத்திருந்தோம். வெல்வெட் கத்தியை நீட்ட வைத்தவன்தான் உண்மையான எரிக் என்பதை ஹாரிஸ் ஒளிக்கவே இல்லை. பார்க்க மறுத்தது நாங்கள்.

இதற்குக் கால அளவும் ஒரு காரணம். முதல் நாவலில் சூக்கிக்கு 25 வயது. பன்னிரண்டாவதில் 28. கதைக்குள் ஓடியது மூன்று ஆண்டு. வெளியே, ஆண்டுக்கு ஒன்றாகப் புத்தகம் வாங்கியவர்களுக்கு ஓடியது பன்னிரண்டு. 2001இல் சூக்கியின் வயதில் இருந்த ஒரு பெண், முடிவைப் படிக்கும்போது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். இடையில் வேலை மாறியிருக்கும், கல்யாணமோ பிரிவோ நடந்திருக்கும். அவள் மனத்தில் எரிக் ஒரு பத்தாண்டு உறவு. சூக்கிக்கோ அவன் இரண்டு மூன்று ஆண்டு, அதுவும் பாதி நாள் ஆபத்தும் மீதி நாள் சண்டையுமான பழக்கம். சூக்கி அவனை எளிதாக விட்டுவிட்டாள் என்று வாசகர்கள் சொன்ன குற்றச்சாட்டு, தங்கள் காலண்டரை அவள் சுவரில் மாட்டிப் பார்த்ததால் வந்தது.

இன்னொரு குழப்பம் புத்தகம் எந்த அலமாரியில் இருந்தது என்பது. ஹாரிஸ் இருபது ஆண்டுகள் மர்மக் கதை எழுதிவிட்டு இந்த வரிசைக்கு வந்தவர். முதல் நாவலுக்குக் கிடைத்தது மர்ம எழுத்து வட்டாரத்தின் ஆன்டனி விருது. ஒவ்வொரு நாவலிலும் ஒரு பிணம் விழும், யார் செய்தது என்று கடைசியில் தெரியும். ஆனால் நடுவில் 2005இல் 'ட்வைலைட்' வந்தது. எட்வர்ட் கட்சி, ஜேக்கப் கட்சி என்று ஒரு தலைமுறையே பிரிந்து நின்றது. ரத்தக்காட்டேரி என்றாலே காதல் கதை என்று ஆகிவிட்டது. அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கத்தின் வரையறை தெளிவானது: மையத்தில் ஒரு காதல், முடிவில் மனநிறைவும் நம்பிக்கையும். மர்மக் கதைக்கு அப்படி ஒப்பந்தம் இல்லை. கொலையாளி பிடிபட்டால் போதும். வாசகர்கள் காதல் நாவலின் ரசீதைக் காட்டிச் சரக்கு கேட்டார்கள். ஹாரிஸ் அந்த ரசீதைக் கொடுக்கவே இல்லை என்பது சட்டப்படி சரி. முக்கோணம், நாற்கோணம் என்று ஆளுக்கு மேல் ஆளாக அறிமுகப்படுத்தி அந்த எதிர்பார்ப்பில் பன்னிரண்டு ஆண்டு வியாபாரம் நடந்ததும் உண்மைதான். இந்த இடத்தில் எழுத்தாளர் பக்கம் முழுதாக நிற்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த நாவல்களை வைத்து எச்பிஓ தொலைக்காட்சி எடுத்த 'ட்ரூ பிளட்' தொடர் 2008இல் வந்து குழப்பத்தைப் பெருக்கியது. நாவலில் சமையல்காரன் லஃபயெட் இரண்டாவது புத்தகம் தொடங்கும்போதே பிணம். தொடரில் கடைசிவரை உயிரோடு கலக்கினான். எரிக்குக்கு அலெக்சாண்டர் ஸ்கார்ஸ்கார்டின் முகம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு புத்தகத்தில் எரிக் என்று அச்சான இடத்திலெல்லாம் யார் பேசியது என்று சொல்லத் தேவையில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த வாசகர்களைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று முடித்துவிடலாமா? முடியாது. நீண்ட வரிசையை வாசிப்பவருக்கு ஒரு தனி ஞாபகம் உண்டு. நாளிதழில் மதிப்புரை எழுதுபவருக்கு அது வராது. ரத்தப் பிணைப்பு என்ற சங்கதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2007இல் வந்த 'ஆல் டுகெதர் டெட்' நாவலில் சூக்கிக்கும் எரிக்குக்கும் இடையே அது உறுதியாகிறது. ஒருவர் உணர்ச்சி மற்றவரிடம் கசியும். அன்றிலிருந்து வாசகர்கள் விடாமல் கேட்டார்கள்: அவளுக்கு அவன்மேல் இருப்பது ஆசையா, ரத்தம் செய்யும் வேலையா? சம்மதம் என்பது என்ன என்ற கேள்வியைப் பல்கலைக்கழகச் சொற்கள் இல்லாமல், வெறும் கதையை வைத்தே அலசினார்கள். நாவலுக்குள்ளும் அந்தக் கேள்வி வளர்ந்து, பதினொன்றாவதில் ஒரு சூனியக்காரியின் உதவியோடு சூக்கி பிணைப்பை அறுத்துக்கொள்கிறாள். பில்லின் விஷயத்திலும் அப்படித்தான். அவன் அவளைத் தேடி வந்ததே லூசியானாவின் ரத்தக்காட்டேரி அரசியின் கட்டளைப்படி என்பது ஆறாவது நாவலில் வெளிப்பட்டபோது, முதல் நாவலுக்குத் திரும்பிப் போய்ச் சம்பவம் சம்பவமாகச் சரிபார்த்தவர்கள் வாசகர்கள்தான்.

களைப்பையும் அவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். பத்தாவதுக்குப் பிறகு சூக்கி வீடு பெருக்குவது, துணி துவைப்பது, காப்பி போடுவது எல்லாம் வரி விடாமல் வருகிறது என்ற கிண்டல் வெறும் கிண்டல் இல்லை. ஆரம்ப நாவல்களிலும் அவள் பாத்திரம் கழுவினாள். ஆனால் அடுத்த அறையில் ஒரு பிணமோ ஒரு காட்டேரியோ இருக்கும். அந்தப் பக்கத்து அறைதான் பாத்திரத்துக்குச் சுவை. பின்னால் பக்கத்து அறை காலியாகிவிட்டது.

பதின்மூன்றாவதில் வேலை இன்னும் மோசம். பன்னிரண்டு நாவல்கள் சூக்கியின் வாயிலிருந்தே கேட்ட கதை, திடீரென்று சில பகுதிகளில் அவளை விட்டு வெளியே போய், வில்லன்கள் சதி பேசுவதைப் படர்க்கையில் சொல்கிறது. அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்துவிட்டால் மர்மத்தில் மிச்சம் என்ன? பழைய எதிரிகள் ஒவ்வொருவராக வந்து கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். முன்னாள் தோழி ஆர்லின் கொல்லப்பட்டு, பழி சூக்கிமேல் விழுகிறது. இது கனமான சம்பவம். ஆர்லின் துரோகி, ஆனாலும் தோழி. அந்த இரட்டை மனத்தில் கொஞ்சம் தங்கியிருந்தால் நாவல் எழுந்து நின்றிருக்கும், தங்கவில்லை. எரிக்கோ பெரும்பாலும் மேடைக்கு வெளியே. அவனை ஒக்லஹோமா அரசிக்கு மணம் முடித்து அனுப்பிவிடுகிறார்கள். பிரிவது தவறில்லை. பிரிவை எழுதாமல் தாண்டியதுதான் தவறு. இத்தனை பக்கம் வளர்த்த இருவர் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் ஒரு முழுக் காட்சியை வாசகர் கேட்பது கட்சி வெறி இல்லை, நியாயமான பாக்கி.

ஆனால் குவிந்த கருத்துகளில் இந்தக் குறைகள் எல்லாம் 'சாமா? சாமா!' என்ற கூச்சலுக்கு அடியில் போய்விட்டன. எரிக்கோடு முடிந்திருந்தால் அதே படர்க்கைப் பகுதிகளையும் அதே காலிப் பக்கங்களையும் மன்னித்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். என்னையும் சேர்த்துத்தான்.

2013 அக்டோபரில் ஹாரிஸ் 'ஆஃப்டர் டெட்' என்று ஒரு மெல்லிய புத்தகம் வெளியிட்டார். பாத்திரங்கள் அகர வரிசையில். ஒவ்வொருவருக்கும் பிறகு என்ன ஆயிற்று என்று சில வரி. படிக்கும்போது எனக்குப் 'பொன்னியின் செல்வன்' முடிவுரை ஞாபகம் வந்தது. 1954இல் தொடர் முடிந்தபோது, கதை பாதியில் நிற்கிறது, இன்னாருக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கல்கிக்குக் கடிதம் எழுதித் தள்ளினார்கள். அவர் முடிவுரையில் உட்கார்ந்து, சரித்திர நாவலை ஏன் அப்படி முடித்தேன் என்று முதலில் வாதாடிவிட்டு, பிறகு கேட்டவற்றுக்குப் பதில் சொன்னார். அங்கே எழுத்தாளர் வாசகரோடு பேசுகிறார். இங்கே பட்டியல், அதுவும் தனி விலைக்கு. கடன்பட்டவர் மீதியைச் சில்லறையாக எண்ணி வைத்ததுபோல இருந்தது என்று வாசகர்கள் கோபப்பட்டதில் எனக்கு மறுப்பே இல்லை.

சாமோடு முடியும் என்பதற்கான தடயங்கள் ரகசியமாக இருந்தனவா? மறுபடி படித்தபோது எண்ணிப் பார்த்தேன். சூக்கிக்கு வெயிலில் படுத்திருப்பது பிடிக்கும். முதல் நாவலிலிருந்தே, வாசலில் நாற்காலி போட்டு, எண்ணெய் தடவிக்கொண்டு, பகல் முழுக்கக் காய்வாள். பில்லாலும் எரிக்காலும் வரமுடியாத ஒரே இடம் அந்த நாற்காலி. பன்னிரண்டாவதில், அன்பு கொண்ட ஒருவருக்காக ஒரே ஒரு முறை பயன்படும் தேவதை மாயப்பொருள் ஒன்று அவளிடம் இருக்கிறது. அதை வைத்து ஒக்லஹோமா அரசியிடமிருந்து தன்னை மீட்பாள் என்று எரிக் காத்திருக்கிறான். சாம் குத்துப்பட்டுச் சாகிறான். யோசிக்க நேரமில்லை, அதை அவனுக்காகச் செலவழித்துவிடுகிறாள். எரிக் பார்த்துக்கொண்டு நிற்கிறான், ஒன்றும் சொல்லாமல் போய்விடுகிறான்.

என்னிடம் இருக்கும் பன்னிரண்டாவது நாவல் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. எனக்கு முன்னால் படித்தவர் யாரென்று தெரியாது. புத்தகம் முழுக்க ஒரு குறிப்பு கிடையாது, ஒரு மடிப்பு கிடையாது. அந்தக் காட்சி வரும் பக்கத்தில் மட்டும் சாமின் பெயருக்குக் கீழே பென்சில் கோடு. அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருக்கிறது.